பெட்டியில் 99 சதவீதம் என்று போட்டிருக்கிறதே? துரிதப் பரிசோதனைகள் பற்றி எங்கள் ஊரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெகிரி செம்பிலானில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் பகாவ்தான் எங்கள் ஊர். ஆய்வுக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் என்னை யாரும் விடுவதாக இல்லை. ஒட்டுக்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருக்கும்போது யாராவது டிஷ்யூவில் சுற்றிய கிட்டை மேசையில் வைத்து, "அண்ணே, இது ஒரு கோடா, ரெண்டு கோடா?" என்பார்கள். பதினைந்து நிமிடத்தில் விடை சொல்லும் இந்தச் சின்ன பிளாஸ்டிக் துண்டுகளை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் இருக்கும் கேள்வி. திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

பெட்டியில் சென்சிடிவிட்டி, ஸ்பெசிஃபிசிட்டி என்று இரண்டு எண் இருக்கிறது. எது முக்கியம்?

இரண்டும்தான். முதலாவதைப் பிடிக்கும் திறன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோய் உண்மையாகவே இருக்கும் நூறு பேரில் எத்தனை பேரை இந்தக் கிட் பிடிக்கிறது? எண் 80 என்றால் இருபது பேரைத் தவறவிடுகிறது. இரண்டாவது, விலக்கும் திறன். நோய் இல்லாத நூறு பேரில் எத்தனை பேரை "இல்லை" என்று சரியாக அனுப்பி வைக்கிறது? எண் 95 என்றால் ஐந்து பேருக்கு வீணாகக் கோடு போட்டுப் பயமுறுத்துகிறது.

சில பெட்டிகளில் மூன்றாவதாக அக்குரசி, அதாவது மொத்தத்தில் எத்தனை விடை சரி என்று ஓர் எண் பெரிய எழுத்தில் இருக்கும். அதைப் பார்க்காதீர்கள். பரிசோதித்தவர்களில் பெரும்பாலோர் நோய் இல்லாதவர்களாக இருந்தால், எதையுமே பிடிக்காத கிட்டுக்குக்கூட அந்த எண் அழகாக வரும். ஆயிரம் பேரில் இருபது பேருக்குத்தான் நோய் என்று வைத்துக்கொண்டால், எல்லாருக்கும் "நெகட்டிவ்" என்று எழுதிவிட்டு நான் வீட்டுக்குப் போனாலும் எனக்கு 98 சதவீத அக்குரசி உண்டு.

எனக்கு பாசிட்டிவ் வந்துவிட்டது. கிட் 95 சதவீதம் என்றால், எனக்கு நோய் இருக்க 95 சதவீத வாய்ப்பா?

இல்லை. அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். படித்தவர்களும் விழுகிறார்கள், ஏன், டாக்டர்களில்கூடச் சிலர். கொஞ்சம் நிதானமாகக் கணக்குப் போடலாம்.

டிங்கிக்கு ஒரு கிட், பிடிக்கும் திறன் 80, விலக்கும் திறன் 95 என்று வைப்போம். மழை விட்டு விட்டுப் பெய்கிறது, தாமானில் வீட்டுக்கு வீடு காய்ச்சல், புகை அடிக்கும் வண்டி தினமும் வருகிறது. அந்த நேரத்தில் காய்ச்சலோடு வரும் ஆயிரம் பேரில் 200 பேருக்கு டிங்கி. கிட் அவர்களில் 160 பேரைப் பிடிக்கும். டிங்கி இல்லாத 800 பேரில் 40 பேருக்கு வீண் கோடு வரும். ஆக 200 பேருக்கு பாசிட்டிவ், அதில் 160 பேர் உண்மை. அதாவது 80 சதவீதம்.

அதே கிட், அதே கிளினிக், அதே நர்ஸ் மிஸ்ஸி. ஆனால் டிங்கி அடங்கிய காலம், ஆயிரம் பேரில் 20 பேருக்குத்தான் நோய். கிட் 16 பேரைப் பிடிக்கும். மீதி 980 பேரில் 49 பேருக்கு வீண் கோடு வரும். பாசிட்டிவ் மொத்தம் 65, உண்மை 16. நான்கில் ஒன்றுதான்.

கிட்டில் எதுவும் மாறவில்லை. மாறியது ஊர். அதனால்தான் யாராவது கோட்டைக் காட்டினால் நான் முதலில் கோட்டைப் பார்ப்பதில்லை. வீட்டில் வேறு யாருக்காவது காய்ச்சலா, எந்தத் தோட்டம், காய்ச்சல் வந்து எத்தனை நாள் என்று கேட்பேன். "இவர் என்ன ஜோசியக்காரர் மாதிரி ஊரும் நாளும் கேட்கிறாரே" என்று ஓர் அக்கா சலித்துக்கொண்டார். ஜோசியம் இல்லை அக்கா, அந்தக் கணக்கில் போட வேண்டிய எண்ணைத்தான் தேடுகிறேன்.

நெகட்டிவுக்கு இது தலைகீழ். டிங்கி அடங்கிய காலத்தில் வரும் நெகட்டிவை நிம்மதியாக நம்பலாம், மேலே உள்ள கணக்கில் 935 நெகட்டிவில் நான்குதான் தப்பு. டிங்கி பொங்கும் காலத்தில் 800 நெகட்டிவில் 40 தப்பு. அந்த நாற்பது பேரை நினைத்துத்தான் அடுத்த பதில்.

என்.எஸ்.1 நெகட்டிவ் என்றால் டிங்கி இல்லைதானே?

என் அக்கா மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். காய்ச்சல் வந்து ஆறாம் நாள்தான் கிளினிக் போனான். அதுவரை பனடோல், கொஞ்சம் கசாயம். அங்கே என்.எஸ்.1 மட்டும் பார்த்தார்கள், நெகட்டிவ். "டிங்கி இல்லை, வைரஸ் காய்ச்சல்" என்று அனுப்பிவிட்டார்கள். அன்றே காய்ச்சலும் இறங்கியதால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மறுநாள் வயிற்று வலி, வாந்தி, கை கால் சில்லிட்டுவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருந்து பிழைத்து வந்தான்.

கிட்டில் பழுது இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. என்.எஸ்.1 என்பது டிங்கி வைரஸ் இரத்தத்தில் விடும் ஒரு புரதம். காய்ச்சலின் முதல் நாளிலிருந்தே தெரியும், ஐந்து நாளுக்குப் பிறகு குறைந்துகொண்டே போகும். ஆறாம் நாள் அதைத் தேடுவது, பசார் மாலாம் என்ற இரவுச் சந்தை கலைந்த பிறகு அப்பம் பாலிக் தேடுகிற மாதிரி. இன்னொரு சிக்கலும் உண்டு. டிங்கி ஏற்கெனவே ஒரு தடவை வந்தவர்களுக்கு, நோயை எதிர்க்க உடம்பு அப்போது உண்டாக்கிய பழைய எதிர்ப்பொருள்கள் அந்தப் புரதத்தைச் சுற்றிப் பிடித்து மறைத்துவிடும். இரண்டாவது டிங்கியில் என்.எஸ்.1 கிட் முதல் தடவையைவிட அதிகமாகத் தவறவிடுகிறது. நம் ஊரில் ஒரு தடவையாவது டிங்கி வந்துபோனவர்கள் எத்தனையோ பேர். ஆபத்து அதிகம் இருப்பதும் இரண்டாவது தடவையில்தான்.

டிங்கியில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் வருகிறது. அதனால் கிட் என்ன சொன்னாலும் இரத்த அணுக்களின் எண்ணிக்கை பார்க்கச் சொல்லுங்கள். வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், அசதி என்று எது வந்தாலும் கிட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்காராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

காம்போ கிட்டில் எம் கோடு, ஜி கோடு என்று இருக்கிறதே?

அவை வைரஸைப் பார்ப்பதில்லை, உங்கள் உடம்பு கொடுத்த பதிலைப் பார்க்கின்றன. எம் கோடு காட்டும் ஐ.ஜி.எம். என்ற எதிர்ப்பொருள் பொதுவாக ஐந்தாம் நாள் வாக்கில் தலைகாட்டும், இரண்டு மூன்று மாதம்வரை நிற்கலாம். ஆகவே எம் கோடு மட்டும் இருந்தால், அது இந்த வாரத்துக் காய்ச்சலாகவும் இருக்கலாம், இரண்டு மாதத்துக்கு முன் வந்துபோனதாகவும் இருக்கலாம். ஜி கோடு முன்பு எப்போதோ டிங்கி வந்ததைக் காட்டலாம். காய்ச்சலின் தொடக்கத்திலேயே அது தடிமனாக வந்தால் இது இரண்டாவது டிங்கி என்று சந்தேகப்பட வேண்டும்.

முதல் நாட்களில் என்.எஸ்.1, பிந்திய நாட்களில் எம் என்று இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதால்தான் காம்போ கிட்டுக்கு மதிப்பு. அக்கா மகனுக்கு அன்று அதைப் பார்த்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம்.

கிட் சரியா தப்பா என்று எதோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள்?

நல்ல கேள்வி, ஆனால் இதை யாரும் கேட்பதில்லை. ஒரு மாணவன் மட்டும் கேட்டான்.

தராசைச் சோதிக்க படிக்கல் வேண்டும். அந்தப் படிக்கல்லே தேய்ந்திருந்தால்? டைபாய்டில் இதுதான் நிலைமை. படிக்கல்லாக வைப்பது இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர். அதில் கிருமி வளர்ந்தால் டைபாய்டுதான், சந்தேகம் இல்லை. ஆனால் உண்மையில் டைபாய்டு இருக்கும் பத்துப் பேரில் சுமார் ஆறு பேருக்குத்தான் அது காட்டும். அதற்கு முன்பே ஆன்டிபயாடிக் விழுங்கியிருந்தால் இன்னும் மோசம். இப்போது கிட், கல்ச்சர் தவறவிட்ட நோயாளி ஒருவரைச் சரியாகப் பிடிக்கிறது என்று வையுங்கள். கணக்கில் அது "வீண் கோடு" என்றே பதிவாகும். சரியாகச் சொன்னதற்குத் தண்டனை. எலும்பு மஜ்ஜையில் எடுத்துப் பார்த்தால் இன்னும் அதிகம் பேர் தெரிவார்கள், ஆனால் காய்ச்சல் வந்த எல்லாருக்கும் எலும்பில் ஊசி போட யார் சம்மதிப்பார்கள்?

டைபாய்டு கிட்டில் மலேசியாவுக்கு ஒரு பங்கு உண்டு. டைஃபிடாட் என்பது கிளந்தான் குபாங் கிரியானில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில் உருவானது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2017 மதிப்பாய்வு ஒன்று, பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, அதற்கு சராசரியாகப் பிடிக்கும் திறன் 84, விலக்கும் திறன் 79 என்று கணக்கிட்டது. நம் நாட்டுச் சாதனை என்று பெருமைப்படலாம், நானும் படுகிறேன். ஆனால் 79 என்றால் டைபாய்டு இல்லாத ஐந்து பேரில் ஒருவருக்கு வீண் கோடு, அதிலும் சில தேய்ந்த படிக்கல்லின் தவறாக இருக்கலாம். அந்தக் கோட்டை மட்டும் நம்பி இரண்டு வாரம் ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன் கல்ச்சருக்கு இரத்தம் எடுத்தார்களா என்று கேளுங்கள்.

பரிசோதனை தப்பாகிப் பெரிய ஆபத்து ஏதும் நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது, அதுவும் எங்கள் மாநிலத்திலேயே. வயதானவர்களுக்கு நினைவிருக்கும்.

1998 செப்டம்பர் வாக்கில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைக்காரர்களுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. சிலருடைய இரத்தத்தில் ஜப்பானிய மூளைக் காய்ச்சலுக்கான, அதாவது ஜே.இ.க்கான எதிர்ப்பொருள் தெரிந்தது. ஜே.இ. இந்த வட்டாரத்தில் உள்ள நோய், பன்றியில் பெருகும், கொசு பரப்பும். எல்லாம் பொருந்தியது போல இருந்தது. ஜே.இ. தடுப்பூசி போட்டார்கள், கொசுப் புகை அடித்தார்கள். நோய் நிற்கவில்லை. அங்கிருந்து வந்த பன்றிகளோடு நெகிரி செம்பிலானுக்கு இறங்கி, புக்கிட் பெலாண்டோக், சுங்கை நீபா பக்கம் பரவியது.

இடிக்கும் விஷயங்கள் இருக்கத்தான் செய்தன. ஜே.இ. பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும், இது பன்றியைத் தொட்டு வேலை செய்த பெரியவர்களைத் தாக்கியது. ஜே.இ.யில் பன்றிக்கு இப்படி இருமல் வராது, இங்கே பன்றிகளே இருமிச் செத்தன. தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். 1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் ஒரு நோயாளியின் மாதிரியிலிருந்து புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். நீபா என்று அதற்குப் பெயர் வந்தது அந்த ஊரிலிருந்துதான். நோய் அடங்குவதற்குள் மொத்தம் 265 பேர் நோய்ப்பட்டு 105 பேர் இறந்திருந்தார்கள்.

எதிர்ப்பொருள் பரிசோதனை ஒரு சிலரிடம் "ஜே.இ. இருக்கிறது" என்று சொன்னது பொய்யாகவே இருக்க வேண்டியதில்லை. ஜே.இ. உலவும் நாட்டில் சிலருக்கு அந்த எதிர்ப்பொருள் இருக்கும். பழைய தொற்று, தடுப்பூசி, உறவுக்கார வைரஸ் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஒரு சிலரின் பாசிட்டிவைக் கூட்டம் முழுவதற்கும் விளக்கமாக எடுத்துக்கொண்டதில்தான் சறுக்கல். பாசிட்டிவ் வந்த பிறகும் நோயாளியை ஒரு தடவை ஏற இறங்கப் பார்க்க வேண்டும் என்று புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

பெட்டியில் 100 சதவீதம் என்றே போட்டிருந்தால்?

எத்தனை பேரில் சோதித்தார்கள் என்று உள்ளே இருக்கும் தாளில் தேடுங்கள். முப்பது நோயாளிகளைச் சோதித்து முப்பதையும் பிடித்திருந்தால் அது 100 சதவீதம்தான், கணக்குத் தப்பில்லை. ஆனால் ஒரு எளிய கைக்கணக்கு உண்டு. தவறே நடக்காத ஆய்வில், மூன்றை ஆட்களின் எண்ணிக்கையால் வகுங்கள். 3-ஐ 30-ஆல் வகுத்தால் பத்தில் ஒன்று. அதாவது உண்மையில் பத்து சதவீதம்வரை தவறவிடும் கிட்டாகவும் அது இருக்கலாம், அந்த முப்பது பேரில் தெரியாமல் போயிருக்கும். முந்நூறு பேரைப் பிடித்திருந்தால் அந்த இடைவெளி ஒரு சதவீதமாகச் சுருங்கும்.

அடுத்து, யாரைச் சோதித்தார்கள்? ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாக இருப்பவர்களை ஒரு பக்கமும், ஆரோக்கியமாக இரத்ததானம் செய்ய வந்தவர்களை மறுபக்கமும் நிறுத்தினால் எந்தக் கிட்டும் ஜெயிக்கும். யானைக்கும் ஆட்டுக்கும் வித்தியாசம் சொல்வது பெரிய வித்தையா? கிளினிக் வாசலில் நிற்பவர்கள் அப்படியில்லை. எல்லாருக்கும் காய்ச்சல், எல்லாருக்கும் உடம்பு வலி. ஒருவருக்கு டிங்கி, ஒருவருக்கு எலிக் காய்ச்சல், ஒருவருக்கு வெறும் ஃபுளூ. இவர்களைப் பிரித்துக் காட்டினால்தான் அந்தக் கிட்டுக்கு வேலை தெரியும்.

இன்னொரு தந்திரம் உண்டு. இது தந்திரம் என்று தெரியாமலே செய்கிறவர்களும் இருக்கிறார்கள். கிட்டும் படிக்கல்லும் நூறு பேரில் எட்டுப் பேரிடம் ஒத்துப்போகவில்லை. அந்த எட்டை மட்டும் எடுத்து மூன்றாவதாக ஒரு பரிசோதனை செய்கிறார்கள். அதில் ஐந்து பேரிடம் கிட்தான் சரி என்று வருகிறது. உடனே எண் உயர்ந்துவிடுகிறது. நியாயம் போலத்தான் தோன்றும். ஆனால் ஒத்துப்போன தொண்ணூற்றிரண்டை யாரும் மறுபடி பார்க்கவில்லை. அங்கே இரண்டுமே சேர்ந்து தப்பாக இருந்தால் தெரியவே தெரியாது. இந்த வழியில் எண் ஏறுமே தவிர ஒருநாளும் இறங்காது. இறங்க வாய்ப்பே இல்லாத சோதனையை நான் சோதனை என்று ஒப்புக்கொள்வதில்லை.

கோட்டைப் படித்தவருக்கு நோயாளியின் முடிவு முன்பே தெரியுமா என்றும் பாருங்கள். தெரிந்தால் கண்ணுக்கு இல்லாத கோடும் தெரியும்.

தோட்டத்தில் எலிச் சிறுநீர் நோய்க்குக் கிட் இருக்கிறதாமே, நம்பலாமா?

ஓரளவுக்கு மட்டும். லெப்டோ என்று சொல்லும் இந்த எலிச் சிறுநீர் நோய் 2010 டிசம்பரிலிருந்து நம் நாட்டில் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய். செம்பனைக் குலை இருக்கும் இடத்தில் எலி இருக்கும், எலியைப் பிடிக்கத் தோட்டக்காரர்கள் ஆந்தைக்குப் பெட்டி வைத்து வளர்ப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். குலை வெட்டுகிறவர், உதிர்ந்த பழம் பொறுக்குகிறவர், காலில் கீறலோடு தேங்கிய தண்ணீரில் நடப்பவர் எல்லாருக்கும் ஆபத்து உண்டு.

பரவலாக இருக்கும் கிட் ஐ.ஜி.எம். பார்ப்பது. முதல் ஐந்தாறு நாளில் எதிர்ப்பொருளே போதுமான அளவு இருக்காது. மருந்து நன்றாக வேலை செய்வதும் அந்த நாட்களில்தான். மறுபக்கம், ஒரு தடவை வந்துபோனால் எதிர்ப்பொருள் பல மாதம் தங்கும். ஆண்டு முழுக்கச் சேற்றில் நிற்கிறவருக்கு இன்றைய காய்ச்சல் வேறாக இருந்தும் பழைய கோடு வரலாம். உறுதிப்படுத்த மேட் என்ற பரிசோதனை இருக்கிறது, உயிருள்ள கிருமியோடு நோயாளியின் சீரத்தைக் கலந்து பார்ப்பது. அதற்கு இரண்டு தடவை இரத்தம் வேண்டும், இடையில் ஒன்று இரண்டு வாரம் வேண்டும். அதுவரை காத்திருக்க முடியாது என்பதால் டாக்டர் சந்தேகத்திலேயே மருந்து தொடங்குவார், அதுதான் சரி. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. என்ன வேலை செய்கிறீர்கள் என்பதைக் கேட்காமலே சொல்லிவிடுங்கள். "காய்ச்சல் டாக்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் எந்தக் கிட்டை எடுப்பது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மலேரியாதான் ஒழிந்துவிட்டதே, அதற்கு எதற்கு இன்னும் இரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் இரத்தத் தடவல்?

மலேரியா என்றால் எங்கள் ஊருக்குப் பழைய பகை. ஜப்பான்காரன் காலத்தில், 1943 முடிவிலிருந்து, சிங்கப்பூரிலிருந்து கத்தோலிக்கக் குடும்பங்களைக் கொண்டுவந்து பகாவ் காட்டில் குடியேற்றினார்கள். நூற்றுக்கணக்கானோர் இங்கே செத்தார்கள், மலேரியாதான் அதில் பெரிய எமன்.

மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசு வழியாகப் பரவும் உள்நாட்டு மலேரியா 2018-இலிருந்து மலேசியாவில் பதிவாகவில்லை, உண்மைதான். ஆனால் குரங்கிலிருந்து வரும் நோலேசி என்ற மலேரியாக் கிருமி இருக்கிறது. 1965-இல் பகாங் காட்டில் தங்கிவிட்டு வந்த ஓர் அமெரிக்க நில அளவைக்காரரிடம்தான் அது இயற்கையாக மனிதனுக்கு வந்தது முதலில் தெரிந்தது. அதன் பிறகு அபூர்வம் என்றே நினைத்திருந்தார்கள். 2004-இல் பல்பீர் சிங்கும் குழுவினரும் சரவாக்கின் காப்பிட்டில் நோயாளிகளின் மாதிரிகளை மூலக்கூறு முறையில் பார்த்தபோதுதான், மைக்ரோஸ்கோப்பில் பார்த்து "மலேரியே" என்ற வேறொரு மலேரியாக் கிருமி என்று எழுதி வைத்ததில் பெரும்பகுதி நோலேசி என்று தெரிந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒரே சாயல். ஆக மைக்ரோஸ்கோப் என்ற படிக்கல்லும் இங்கே ஏமாந்திருக்கிறது.

கிட்டுகளைப் பெரும்பாலும் ஆப்பிரிக்காவின் ஃபால்சிபாரம் என்ற மலேரியாக் கிருமியை மனத்தில் வைத்துச் செய்கிறார்கள். நோலேசியில், முக்கியமாக இரத்தத்தில் கிருமி குறைவாக இருக்கும்போது, அவை தவறவிடுகின்றன. அதுவோ இருபத்து நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை பெருகும் கிருமி, ஒரு நாள் தாமதமே அதிகம். காட்டு ஓரத்தில் வேலை செய்து காய்ச்சல் வந்தால் கிட் நெகட்டிவாக இருந்தாலும் தடவல் எடுக்கத்தான் வேண்டும்.

கோவிட் துரிதக் கிட்டான ஆர்டிகே-யில் மங்கலாக ஒரு கோடு. பாசிட்டிவா?

குறிப்பிட்ட நேரத்துக்குள் வந்தால், எவ்வளவு மங்கலாக இருந்தாலும் பாசிட்டிவ். நேரம் கடந்து வந்தால் கணக்கில் எடுக்காதீர்கள், காய்ந்துபோகும்போது நிழல் போல ஒரு கோடு வருவதுண்டு. சி கோடு, அதாவது நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வர வேண்டிய கோடு, வந்தால் நீர் சரியாக ஓடியது என்று அர்த்தம், அவ்வளவுதான். மூக்கில் சரியாகக் குடைந்தீர்களா என்பதை அது சொல்லாது.

2021 ஜூலையில் வீட்டில் செய்யும் கிட் இங்கே முதலில் அனுமதி பெற்றபோது ஒன்று 39 வெள்ளி 90 காசு. செப்டம்பரில் அரசு உச்சவரம்பு போட்டு 19.90 ஆக்கியது. விலை இறங்க இறங்க நம்பிக்கை ஏறியது, நெகட்டிவ் வந்தால் கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். அந்த ஆண்டு வந்த காக்ரேன் மதிப்பாய்வின் எண்கள் இப்படி: அறிகுறி உள்ளவர்களில் பிடிக்கும் திறன் சராசரி 72, இல்லாதவர்களில் 58. அறிகுறி தொடங்கிய முதல் வாரத்தில் 78, இரண்டாம் வாரத்தில் 51. விலக்கும் திறன் 99-க்கு மேல். ஆகவே பாசிட்டிவை நம்புங்கள், அறிகுறி இல்லாமல் வரும் நெகட்டிவைக் கல்யாண டிக்கெட்டாக நினைக்காதீர்கள்.

இன்னொன்று. கிட்டோடு வரும் திரவத்துக்குப் பதிலாக வேறு எதையும் விடாதீர்கள். கோலா, எலுமிச்சைச் சாறு விட்டால் அமிலத்தால் கோடு வந்துவிடும். பள்ளிக்கு மட்டம் போடப் பிள்ளைகள் செய்த வேலை இது. பெற்றோருக்குத் தெரிந்திருப்பது நல்லது.

சந்தேகமாக இருந்தால் அதே கிட்டை இன்னொரு தடவை செய்யலாமா?

அதே நாளில், அதே கிட், அதே இரத்தம் என்றால் பெரிய பயன் இல்லை. உங்கள் இரத்தத்தில் உள்ள ஏதோ ஒன்று கிட்டை ஏமாற்றுகிறது என்றால் இரண்டாவதையும் அதேபோல ஏமாற்றும். ஒரே ஆளிடம் இரண்டு தடவை வழி கேட்கிற மாதிரி. கோவிட் நெகட்டிவ் என்றால் 48 மணி நேரம் விட்டுச் செய்யுங்கள், வைரஸ் அதற்குள் ஏறியிருக்கும். பாசிட்டிவை உறுதிப்படுத்த வேறு எதையாவது தேடும் பரிசோதனை வேண்டும்.

கர்ப்பிணி மகளுக்குக் கிளினிக்கில் எச்.ஐ.வி. பார்த்தார்கள். முதல் முடிவு பாசிட்டிவ் என்று சொல்லி மறுபடி இரத்தம் எடுத்தார்கள். வீட்டில் எல்லோரும் அழுகிறோம்.

அழுகையை நிறுத்துங்கள், முதலில் இதைப் படியுங்கள். கர்ப்பிணிகள் எல்லாருக்கும் பார்க்கிறார்கள், உங்கள் மகளைச் சந்தேகப்பட்டு அல்ல. ஆயிரம் பேரில் ஒருவருக்குத்தான் நோய் இருக்கும் கூட்டம் என்று வைத்துக்கொண்டால், விலக்கும் திறன் 99 உள்ள நல்ல கிட்டே பத்துப் பேருக்கு வீண் கோடு போடும். பதினோரு பாசிட்டிவில் உண்மை ஒன்று. அதனால்தான் ஒரு கோட்டை வைத்து யாருக்கும் எச்.ஐ.வி. என்று முடிவு சொல்வதில்லை, வேறு வேறு பரிசோதனைகளில் உறுதி செய்த பிறகே சொல்கிறார்கள். மறுபடி இரத்தம் எடுத்தது வழக்கமான நடைமுறை. உறுதியானாலும் இப்போது மருந்து இருக்கிறது. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிஃபிலிஸும் பரவுவதை ஒழித்ததாக 2018-இல் உலக சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்று கொடுத்தது, இந்தச் சலிப்பான ஒவ்வொரு பரிசோதனையும் சேர்ந்து கொண்டுவந்த சான்று அது. முடிவு வரும்வரை மாப்பிள்ளை வீட்டுக்கு எதுவும் சொல்ல வேண்டாம். அது மகளின் விஷயம், சொல்வதா வேண்டாமா என்று அவள் முடிவு செய்யட்டும்.

காசநோய்க்கு விரல் குத்திப் பார்க்கும் கிட் இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். இரத்தத்தில் எதிர்ப்பொருள் தேடி நுரையீரல் காசநோய் சொல்லும் வணிகக் கிட்டுகளைப் பயன்படுத்தவே கூடாது என்று 2011-இல் உலக சுகாதார நிறுவனம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் அரசு கிளினிக்கில் சளி கொடுங்கள்.

கிட்டைக் காரிலேயே வைத்துவிட்டேன், கெட்டுப்போயிருக்குமா?

பெரும்பாலான கிட்டுகளுக்கு 2 முதல் 30 டிகிரி என்று பெட்டியிலேயே இருக்கும். நம் ஊர் வெயிலில் நிறுத்திய காரில் ஸ்டியரிங்கையே தொட முடிவதில்லை. தூக்கிப் போடுங்கள். சி கோடு வந்தாலும் நம்பாதீர்கள், நோயைக் காட்டும் டி கோட்டுக்கான பூச்சு தனியாகக் கெட்டிருக்கலாம்.

அரசு அனுமதி பெற்ற கிட் என்றால் போதுமா?

தேவைதான். மருத்துவக் கருவிகள் ஆணையத்தில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள், 2012-ஆம் ஆண்டின் 737-ஆவது சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன அக்கா மகனுக்குப் பார்த்ததும் முறையான கிட்தான்.

பாசிட்டிவ் வந்த துண்டைப் பத்திரமாக வைத்து நாளைக்கு டாக்டரிடம் காட்டலாமா?

வேண்டாம், நாளைக்கு அதில் என்ன கோடு இருக்கும் என்று சொல்ல முடியாது. படிக்க வேண்டிய நேரத்தில் கைப்பேசியில் படம் எடுங்கள். பக்கத்தில் கிட்டின் பெட்டியை வையுங்கள், பெயரும் காலாவதித் தேதியும் படத்தில் விழட்டும். காய்ச்சல் என்று தொடங்கியது என்பதை ஒரு தாளில் எழுதி அதையும் பக்கத்தில் வைத்துவிடுங்கள். டாக்டர் முதலில் அந்தத் தாளைத்தான் பார்ப்பார். துண்டைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், ஒட்டுக்கடை மேசைக்குக் கொண்டுவர வேண்டாம்.